குறையில்லாத ராம், நிற்காத நீலத்திரை: சிவகாசி வடிவமைப்பு நிலையம் ஒன்றில் நடந்தது

2004-ஆம் ஆண்டு கோடையில் நான் கையாண்ட ஒரு பழுது இது. மூன்று பேர் பார்த்தோம், இரண்டு முறை "ராமில் குறையில்லை" என்று சொன்னோம். (ராம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம்.) சொன்னது உண்மைதான். ஆனாலும் கணினி விழுந்துகொண்டே, அதாவது வேலையின் நடுவே திடீரென நின்றுகொண்டே இருந்தது. விழுந்ததைவிடப் பெரிய சேதம் அது ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தது. கணினி பழுது பார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று, கையிலிருந்த குறிப்புகளைக் கொண்டு எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இல்லை.

பின்னணி

சிவகாசியில் காலண்டர் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாக வேண்டும். அதற்கு முன்பே அச்சும் பைண்டிங்கும் முடிய வேண்டுமென்றால், அந்த நாட்களில் படங்களும் வடிவமைப்பும் ஜூன் மாதக் கடைசிக்குள், அச்சுத்தட்டு செய்வதற்கான ஃபிலிமுக்குப் போயாக வேண்டியிருந்தது. ஆகவே மே, ஜூன் இரண்டு மாதமும் வடிவமைப்பு நிலையங்களில் மூச்சு விட நேரம் இருக்காது. வெயிலும் அந்த மாதங்களில்தான் உச்சம்.

இந்த நிலையத்தில் மூன்று கணினிகள். இரண்டில் எழுத்துக் கோப்பும் பில்லும் ஓடின. மூன்றாவதுதான் படவேலைக்கான இயந்திரம்: 2003-இல் அசெம்பிள் செய்த ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி 2500+, என்ஃபோர்ஸ்2 சிப்செட் உள்ள மதர்போர்டு, 256 எம்பி ராம் இரண்டு, விண்டோஸ் எக்ஸ்பி. ஒரு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. 2004 மே இரண்டாம் வாரம், பெரிய படங்களில் போட்டோஷாப் திணறுகிறது என்று 512 எம்பி ராம் ஒன்று வாங்கி மூன்றாவது ஸ்லாட்டில் போட்டார்கள். மொத்தம் 1 ஜிபி. வேகம் கூடியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நான்கைந்து நாளில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது.

என்னை அழைக்கும் முன் நடந்தவை

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தார்கள். அக்னி நட்சத்திர நாட்கள், வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர். யூபிஎஸ் பேட்டரியை மாற்றினார்கள். சரியாகவில்லை. உள்ளூரில் ஒருவர் வந்து விண்டோஸை மறுபடி போட்டார். பாதியில் "இந்தக் கோப்பை நகலெடுக்க முடியவில்லை" என்று நின்றது. சிடி டிரைவ் கெட்டுவிட்டது என்று அதையும் மாற்றினார். அடுத்த முயற்சியில் வேறு ஒரு கோப்பில் நின்றது. மறுநாள் காலையில் போட்டபோது ஒழுங்காக ஏறிவிட்டது. அதனால் டிரைவ்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இது கவனிக்க வேண்டிய இடம். சிடியில் கீறல் இருந்தால் பெரும்பாலும் அதே கோப்பில்தான் நிற்கும். இடம் மாறி மாறி நின்றால் சிடியையும் டிரைவையும் விட்டுவிட்டு ராம் பக்கம் திரும்ப வேண்டும். சிடியிலிருந்து வருவது ராமில் விரிந்து, சரிபார்க்கப்பட்டு, பிறகுதான் வட்டுக்குப் போகிறது.

முதல் வருகை: என் தவறு

ஜூன் முதல் வாரம் விருதுநகரிலிருந்து போனேன். வாசலிலேயே உரிமையாளர் சொன்னார்: "தம்பி, பேட்டரி மாத்தியாச்சு, டிரைவ் மாத்தியாச்சு, விண்டோஸ் மூணு தடவை போட்டாச்சு. இனி மாத்துறதுக்கு நான்தான் பாக்கி."

நான் முதலில் செய்தது சரி. எக்ஸ்பியில் ஒரு வசதி உண்டு. நீலத்திரை (விண்டோஸ் விழும்போது பிழையைக் காட்டும் திரை) வந்தால் அதைக் காட்டாமல் உடனே ரீஸ்டார்ட் செய்துவிடும், இதுதான் இயல்பான அமைப்பு. பார்க்கிறவருக்கு யாரோ மின்சாரத்தைப் பிடுங்கியது போலத் தெரியும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். அன்று பகலிலேயே இரண்டு நீலத்திரைகள் கிடைத்தன. ஒன்று "ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்", மற்றொன்று "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா". முதலாவதில் ஒரு டிரைவரின் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருளின்) பெயர், இரண்டாவதில் வேறொன்றின் பெயர். ஒரே டிரைவர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு குற்றவாளி என்றால் குற்றம் பெரும்பாலும் அவர்கள் யாரிடமும் இருக்காது.

ராம்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலை 8 மணிக்கு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளின் ஃபிளாப்பியைப் போட்டேன். கேபினெட் பக்கமூடியைக் கழற்றி வைத்திருந்தேன், மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு முழுச் சுற்று முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு பிழையும் இல்லை. "ராம் நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். வேலையைத் தொடரலாம் என்றும் சொன்னேன்.

இதில் மூன்று தவறுகள். குளிர்ந்த நேரத்தில் திறந்த பெட்டியில் ஒரே ஒரு சுற்று ஓட்டியது முதல் தவறு. சோதனைத் திரையின் மேல் இடது மூலையில் ராம் 166 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதாக ஒரு வரி இருந்தது. அது என் கண்முன் இருந்தும், ப்ராசஸரின் பஸ்ஸும் (அதற்குத் தகவல் போய்வரும் பாதை) அதே 166 என்பதால் பொருத்தமாக இருப்பதாக எண்ணிக் கடந்துபோனது இரண்டாவது. மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது: ராம் மீது சந்தேகம் இருக்கும்போது அந்த இயந்திரத்தில் வேலையைத் தொடரச் சொன்னேன்.

நோட்டுப் புத்தகம்

ஒரு வாரம் கழித்து மறுபடி அழைப்பு. இம்முறை அங்கே படவேலை செய்த அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர் ஒவ்வொரு விழுதலையும் தேதி, நேரம், அப்போது திறந்திருந்த கோப்பு என்று எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே எழுதியது. இந்தப் பழுதைக் கண்டுபிடித்ததில் பாதிப் பங்கு அவருடையது.

அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பத்தொன்பது விழுதல்களில் பதினேழு பகல் 12 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில். எழுத்துக் கோப்பு மட்டும் திறந்திருந்தபோது ஒன்றுகூட இல்லை, எல்லாம் பெரிய படங்களில். முதல் விழுதலுக்கு நான்கு வரிக்கு மேலே "512 ராம் போட்டது" என்று ஒரு தேதியும் இருந்தது.

பிறகு தயங்கித் தயங்கி ஒரு அச்சுமாதிரியை எடுத்துக் காட்டினார். முருகன் படம். மயிலின் கழுத்துக்குக் கீழே, நீலத்தில், நகநுனி அளவுக்கு ஒரு சிறு கோடு. "ஸ்கேன்ல தூசி இருந்திருக்கும்னு நினைச்சு சரிபண்ணினேன் தம்பி. மறுநாள் வேற இடத்துல வந்துச்சு." ஃபிலிமே வந்துவிட்டது, பிளேட் போடுவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது.

அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கணினி விழுவது கண்ணுக்குத் தெரியும் சேதம். விழாமல், தவறான பைட்டுகளோடு சேமித்துக்கொண்டே போவது தெரியாத சேதம். ராமில் ஒரு பிட் புரண்டால், அது விண்டோஸின் இடத்தில் இருந்தால் நீலத்திரை. படத்தின் இடத்தில் இருந்தால் ஒரு கோடு, ஒரு புள்ளி. கணக்குக் கோப்பின் இடத்தில் இருந்தால் ஓர் எண். முதலாவதில் மட்டும்தான் எச்சரிக்கை வரும்.

அந்த நிமிடமே அந்தக் கணினியில் வேலையை நிறுத்தச் சொன்னேன். உரிமையாளருக்கு அது பெரிய அடி, ஜூன் மூன்றாம் வாரம் அது. ஆனாலும் கோட்டைக் காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

வெயிலில் சோதனை

இம்முறை பக்கமூடியை மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, பகல் 2 மணிக்கு மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம், ஐந்தாவது சோதனையில் சிவப்பு வரிகள் ஓடத் தொடங்கின. நினைவகத்தின் ஒரு பகுதியை அப்படியே தூக்கி இன்னொரு பகுதியில் வைக்கும் சோதனை அது. தாளம் தப்பும் ராமை அதுதான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

பழைய 256 இரண்டையும் மட்டும் வைத்து மூன்று சுற்று ஓட்டினேன். பிழை இல்லை. புதிய 512-ஐ மட்டும் வைத்தேன். பத்து நிமிடத்துக்குள் பிழை. ஸ்லாட்டை மாற்றினேன், அங்கும் பிழை. ஆகவே ஸ்லாட்டில் குறையில்லை.

512-ஐ எடுத்துக்கொண்டு மதுரையில் அதை விற்ற கடைக்குப் போனேன். அவர்கள் நேர்மையாக நடந்துகொண்டார்கள். என் முன்னாலேயே கடைப் பெண்டியம் 4-இல் அதைப் போட்டு, நான் கேட்டபடி இரண்டு மணி நேரம் சோதனையை ஓட விட்டார்கள். ஒரு பிழை இல்லை. "நல்ல ராம் சார், மாத்திக் கொடுத்தாலும் அங்க இதேதான் நடக்கும்" என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். "512 எம்பி டிடிஆர்" என்று அளவும் ராமின் வகையும் மட்டுமே இருந்தன. வாங்கியவர் வேகத்தைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

திருமங்கலம் தாண்டும்போது பஸ்ஸில் அந்த ராமைக் கவரோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புச் சில்லுகளின் மேல் மங்கிய சாம்பல் எழுத்து. பகுதி எண்ணின் கடைசியில் ஒவ்வொன்றிலும் "-75". பழைய 256 ராம்களின் சில்லுகளில் "-6" என்று இருந்தது நினைவுக்கு வந்தது. அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது.

எங்கே பொருந்தவில்லை

75 என்பது 7.5 நானோசெகண்ட். ஒரு கடிகாரத் துடிப்புக்கு அந்த ராம் கேட்கும் குறைந்தபட்ச நேரம் அது. அதாவது 133 மெகாஹெர்ட்ஸ். சந்தையில் அதற்கு டிடிஆர்266 என்றும் பிசி2100 என்றும் பெயர். 6 என்றால் 6 நானோசெகண்ட், 166 மெகாஹெர்ட்ஸ், டிடிஆர்333 அல்லது பிசி2700. அத்லான் எக்ஸ்பி 2500+ ப்ராசஸர் 166 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 11 மடங்காக்கி 1833 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. கடைக்காரரின் பெண்டியம் 4 போர்டு ராமை 133-இல்தான் ஓட்டியது. அதனால்தான் அங்கே தேர்ச்சி.

டிடிஆரில் துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை என்று தகவல் கைமாறும். 7.5 நானோசெகண்டில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 3.75 கிடைக்கும், 6-இல் 3 மட்டுமே. அந்த முக்கால் நானோசெகண்டுக்குள்தான் எல்லாத் தொல்லையும். சில்லு சூடேறும்போது உள்ளே டிரான்சிஸ்டர்கள் இன்னும் மெதுவாகும். காலையில் மயிரிழையில் தப்பித்தது பகலில் தப்பாது.

உரிமையாளருக்கு இதை ஆஃப்செட் மிஷினை வைத்துச் சொன்னேன். ஃபீடர் தாளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், தாளைப் பிடிக்கும் கிரிப்பர் மூடினால் என்ன ஆகும்? சில தாள் கோணும், சில தாள் தவறும், மிஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபீடரும் நல்ல ஃபீடர், கிரிப்பரும் நல்ல கிரிப்பர். "டைமிங்" என்று அவரே முடித்துவைத்தார்.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மெதுவான ராமைப் போட்டால் போர்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? ராமின் ஓரத்தில் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. அது தன் வேகத்தைச் சொல்லும். பயாஸ் (போர்டின் அமைப்புகளை வைத்திருக்கும் அடிப்படை மென்பொருள்) ஆட்டோவில் இருந்தால் இருப்பவற்றில் மெதுவானதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும். பயாஸைத் திறந்தேன். ராம் வேகம் ஆட்டோவில் இல்லை, கைமுறையாக 100 சதவீதம் என்று இருந்தது. பஸ் எவ்வளவோ ராமும் அவ்வளவு என்று பொருள். 2003-இல் அசெம்பிள் செய்தவர் வைத்தது. அவர் செய்ததும் சரியே. என்ஃபோர்ஸ்2 போர்டுகளில் பஸ்ஸும் ராமும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் முழுப் பலன், அன்று இருந்த இரண்டும் 333 ராம்கள். அந்த அமைப்பு அங்கேயே தங்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து வேறொருவர் வேறொரு ராமைப் போட்டபோது, அது கேட்ட வேகத்தை போர்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது புதிய கதையும் அல்ல. 1998-இல் இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டோடு 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் வந்தபோது, பழைய 66 ராமை அதில் செருகிவிட்டு இதே அவதியைப் பட்டவர்கள் உண்டு. எல்லாம் ஸ்லாட்டில் உட்கார்ந்துவிடும், அதுதான் சிக்கல்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு வழிகள் இருந்தன, எல்லாவற்றையும் பகல் வெயிலில் ஓட்டிப் பார்த்தேன்.

ராமுக்கு வோல்டேஜை 2.5-இலிருந்து 2.7-க்கு ஏற்றியபோது பிழைகள் வெகுவாகக் குறைந்தன. முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்றில் ஒன்று வந்தது. அந்த ஒன்று போதும், அந்த வழியைக் கைவிட. சூட்டால் வரும் தொல்லைக்கு இன்னும் சூடேற்றும் மருந்து அது, அதுவும் அந்த ஊரில்.

பஸ்ஸையே 133-க்கு இறக்கினால் பிழை அறவே இல்லை. ஆனால் ப்ராசஸர் 1833-இலிருந்து 1466-க்கு இறங்கிவிடும். படவேலையில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுக்க அவர்களால் முடியாது.

512-ஐ எடுத்துவிட்டால் பழைய திணறல் திரும்பும்.

பஸ்ஸை 166-இலேயே விட்டு, ராமை மட்டும் 80 சதவீதத்துக்கு இறக்கினேன். 166-இல் 80 சதவீதம் 133. ஒன்பது மணி நேரம், பகலும் மாலையும் சேர, பெட்டி மூடியபடி ஓடியது. ஒரு பிழையும் இல்லை. இதைத்தான் தற்காலிக ஏற்பாடாக வைத்தேன். கூடவே விண்டோஸில் இன்னொரு சோதனையும் செய்தேன். ஒரு சிடி நிறையப் படங்களை வட்டுக்கு இரண்டு முறை நகலெடுத்து, எஃப்சி கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். 100 சதவீதத்தில் இரண்டு கோப்புகள் வேறுபட்டன. 80-இல் ஒன்றும் இல்லை. மெம்டெஸ்ட் வரிகளைவிட, தன் படங்களே மாறிப்போவதைப் பார்த்ததுதான் உரிமையாளரை உலுக்கியது.

நிரந்தரத் தீர்வாக 512 எம்பி டிடிஆர்333 ஒன்றை, வேகத்தைப் பில்லில் எழுதச் சொல்லி, வாங்கினோம். ராம் வேகத்தை ஆட்டோவுக்குத் திருப்பினேன். அதுவே 166 எடுத்துக்கொண்டது. மூன்று சுற்று சுத்தம்.

பிறகு நடந்தது

கணினி சரியானதும் வேலை முடியவில்லை. புதிய ராம் போட்ட தேதிக்குப் பிறகு சேமித்த ஒவ்வொரு கோப்பும் சந்தேகத்துக்குரியது. அந்தத் தேதிக்கு முன் சிடியில் எழுதி வைத்தவற்றை ஒப்பிட முடிந்தது. அதற்குப் பிந்தைய நாற்பத்தொரு வடிவமைப்புகளை அக்காவும் இன்னொரு பையனும் பெரிதாக்கி, ஒவ்வொரு வண்ணத்தட்டாகப் பார்த்தார்கள். மூன்று நாள் ஆனது. நான்கில் சேதம் இருந்தது. ஒன்று திறக்கவே இல்லை, ஸ்கேனிலிருந்து மறுபடி செய்தார்கள். ஜிப் செய்து வைத்திருந்தவற்றில் மட்டும் வேலை எளிது. ஜிப் செய்த பிறகு கோப்பு மாறியிருந்தால், பிரிக்கும்போதே ஜிப் தானாகச் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுச் சொல்லிவிடும். மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்குக்கு வந்துவிட்டது.

இப்போது எப்படிச் செய்வேன்

எந்தக் கணினிக்குப் போனாலும் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினீங்க, எந்தத் தேதி?" இரண்டாவது, ராம் ஓடும் வேகம் என்ன, அது தாங்கும் வேகம் என்ன என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. ஸ்டிக்கரை நம்புவதில்லை, சில்லின் எழுத்தையும் எஸ்பிடியையும் பார்க்கிறேன். ராம் மேல் சந்தேகம் வந்தால் அது தெளியும்வரை அந்த இயந்திரத்தில் யாரும் எதையும் சேமிக்கக் கூடாது. சோதனையை அது விழும் நேரத்தில், விழும் நிலையில், மூடிய பெட்டியில், பல சுற்று ஓட்டுகிறேன். இன்னொரு கணினியில் தேர்ச்சி பெற்ற ராம் அந்தக் கணினிக்குத்தான் தேர்ச்சி.

பயாஸில் ஆட்டோவிலிருந்து எதை மாற்றினாலும் ஒரு சீட்டில் தேதியோடு எழுதி, கேபினெட்டுக்குள் ஒட்டிவிடுகிறேன். 2003-இல் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

இன்றைய இயந்திரங்களில் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே வந்துவிட்டது, பொருத்தமின்மை இடம் மாறியிருக்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்னும் முன்னமைவுகளைத் தேர்ந்து ஒரு சொடுக்கில் ராமின் வேகத்தை ஏற்றுகிறார்கள். அது ராமின் பெட்டியில் எழுதிய வேகம், ப்ராசஸர் உறுதி தரும் வேகம் அல்ல. டிடிஆர்5 எடுக்கும் ஏஎம்டி ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு இரண்டு ராம் போட்டால் டிடிஆர்5-5200 வேகம் வரைதான் உறுதி. நான்கு போட்டால் அதுவே 3600-க்கு இறங்கிவிடும். இரண்டோடு நன்றாக ஓடிய கணினி நான்காக்கியதும் விழுந்தால், முதலில் அந்தச் சொடுக்கை அணைத்துப் பாருங்கள்.

அந்த 512 ராமைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. குறையில்லாத பொருளை எப்படித் திருப்புவது? அதே நிலையத்தின் பில் போடும் பெண்டியம் 4-இல், 133 மெகாஹெர்ட்ஸில் போட்டேன். 2009-இல் அந்தக் கணினியைக் கழிக்கும்வரை அது ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை.